பழைய லிங்க் எல்லாம் முகப்புக்கே போயின: ஒரு சிற்றிதழின் தளத்தை ஜூம்லாவிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாற்றிய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து வரும் காலாண்டுச் சிற்றிதழ் அது. நாட்டார் வழக்காறும் வட்டார வரலாறும்தான் அதன் உயிர். கதையும் கவிதையும் இடையிடையே வரும். ஆசிரியர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அச்சுப் பிரதி சில நூறுதான் போகும். ஆனால் அந்த வட்டாரத்துக் கூத்து, கும்மி, குலசாமிக் கதைகள் பற்றி ஆய்வு செய்கிற மாணவர்கள் தேடி வருவது இந்த இதழின் இணையதளத்துக்குத்தான். பல கட்டுரைகளுக்கு அச்சுப் பிரதி ஆசிரியரிடமே இல்லை. தளத்தில் இருப்பதுதான் மிச்சம்.

2007இல் நண்பர் ஒருவர் ஜூம்லா 1.0இல் தளத்தை அமைத்துக் கொடுத்திருக்கிறார். ஜூம்லா, இணையதளங்களை நடத்த உதவும் கட்டற்ற மென்பொருள், 2005இல் மாம்போ என்ற அமைப்பிலிருந்து பிரிந்து வந்தது. 2008 ஜனவரியில் 1.5 பதிப்பு வந்தது, தளம் சற்றுத் தாமதமாக அதற்கு மாறியது. அப்புறம் நண்பர் வெளிநாடு போய்விட்டார். யாரும் கை வைக்கவில்லை. ஜூம்லா 2.5, 3, 4, 5 என்று போய்க்கொண்டிருக்க, தளம் 1.5லேயே நின்றது. அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2012இலேயே நின்றுவிட்டது.

எங்களிடம் வந்தது ஹோஸ்டிங் நிறுவனம் அனுப்பிய ஒரு மின்னஞ்சலோடு. சர்வரில் தளத்தை இயக்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியின் 5ஆம் பதிப்பை எடுத்துவிடப் போகிறார்கள், 60 நாள் அவகாசம். ஜூம்லா 1.5 பிஎச்பி 7இல் அப்படியே ஓடாது. ஒன்றும் செய்யாவிட்டால் 61ஆம் நாள் தளம் வெள்ளைப் பக்கமாகிவிடும்.

நாங்கள் இரண்டு பேர். வேலை நேரம் போக, இப்படிப்பட்ட சிறிய தளங்களுக்கு உதவுகிறவர்கள். ஆயிரத்து நானூறு கட்டுரை, இரண்டு மாதம். முடியும் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டோம்.

## கேட்டதும் கண்டதும்

ஆசிரியர் கேட்டது மூன்று. தளம் பார்க்க நன்றாக இருக்க வேண்டும், போனில் படிக்க வர வேண்டும், தானே கட்டுரை ஏற்ற முடிய வேண்டும். "தம்பி, ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கு. அது மட்டும் போதும்" என்றார்.

முதல் வாரம் நாங்கள் எதையும் மாற்றவில்லை. முழுத் தளத்தையும் டேட்டாபேஸையும் இறக்கி எங்கள் கணினியில் ஒரு நகலை ஓடவிட்டுப் பார்த்தோம். பார்க்கப் பார்க்க, கேட்ட மூன்றும் சின்ன வேலைகள் என்று புரிந்தது.

படங்கள் இருந்த ஃபோல்டரில் பிஎச்பி கோப்புகள் ஏழு கிடந்தன. படங்களுக்கு நடுவே பிஎச்பிக்கு என்ன வேலை? யாரோ எப்போதோ உள்ளே நுழைந்து வைத்துவிட்டுப் போன பின்வாசல்கள். அதனால் அந்த ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போவதில்லை என்று முடிவெடுத்தோம். கட்டுரைகளில் உண்மையாகப் பயன்பட்ட படங்களை மட்டும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் புதிதாகச் சேமித்து எடுத்தோம். நிர்வாகிக் கணக்கு ஒன்றே ஒன்று. அதன் கடவுச்சொல் ஐந்து பேரிடம் இருந்தது.

இவையெல்லாம் எந்தப் பழைய தளத்திலும் இருப்பவை. எங்களை நிறுத்தி வைத்தது வேறு விஷயம். ஒரு எழுத்தாளரின் பெயரைத் தளத்தில் தேடினோம், பதினொரு கட்டுரைகள் வந்தன. ஆசிரியர் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இவர் நமக்கு இருபத்தாறு எழுதியிருக்காரே" என்றார்.

## எழுத்துக்கு உள்ளே

மீதிப் பதினைந்து எங்கே என்று தேடியபோதுதான் தளத்தின் அடியில் மூன்று அடுக்குகள் இருப்பது தெரிந்தது.

முதல் அடுக்கு பாமினி என்ற பழைய எழுத்துரு. ஆரம்ப காலக் கட்டுரைகளை டிடிபி செய்தவர் பேஜ்மேக்கரிலிருந்து அப்படியே ஒட்டியிருக்கிறார். பாமினியில் இருப்பது தமிழ் எழுத்தே அல்ல, தமிழ் முகமூடி போட்ட ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிவது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. தேடுபொறி எதுவும் இதைத் தமிழாகப் பார்க்காது.

இரண்டாவது அடுக்கு ஜூம்லா 1.0 காலத்து யூனிகோடு. யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8க்கு ஜூம்லா முழுமையாக வந்தது 1.5இல்தான். அதற்கு முன் டேட்டாபேஸ் லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் இருந்தது. தமிழை அதில் போட்டாலும், போட்ட வழியிலேயே திரும்ப எடுத்ததால் ஒன்றும் தெரியவில்லை. 1.5க்கு மாற்றியபோது வழி மாறியது. டேட்டாபேஸ் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்து என்று நம்பி, அதை மறுபடி யுடிஎஃப்-8 ஆக்கிவிட்டது. ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் என்பதால் மூன்று மூன்றாக ரோமன் எழுத்துகளும் குறிகளும். மூன்றில் முதலாவது எப்போதும் தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ. பக்கம் முழுக்க அந்தச் சாய்கோட்டு ஏ வரிசையாக நின்றால் இதுதான் நோய் என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். இருநூற்றுச் சொச்சம் கட்டுரைகள் இப்படி இருந்தன. ஆசிரியர் இவை அழிந்தே போய்விட்டன என்று நினைத்து, பலவற்றை மறைத்து வைத்திருந்தார்.

மூன்றாவது அடுக்கு ஒழுங்கான யூனிகோடு. ஒழுங்கு என்பது பார்வைக்கு மட்டும்தான். பல கட்டுரைகளில் 'அவர்கள்' என்ற சொல்லில் ரகர ஒற்றுக்குப் பதிலாகத் துணைக்காலும் புள்ளியும் இருந்தன. 'அவா்கள்' என்று அடித்தால் பெரும்பாலான எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. எழுத்தாளர் பெயர் கிடைக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான், அவர் பெயர் 'ர்' என்று முடியும். ஸ்ரீ இரண்டு விதமாக இருந்தது, ஸகரத்தோடு ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தோடு இன்னொன்று. கொம்பும் காலும் தனித்தனியாக அடித்த 'கொ' ஒரு பக்கம், ஒரே குறியாக அடித்த 'கொ' மறுபக்கம்.

தளம் அழகாக இருக்கிறதா, வேகமாகத் திறக்கிறதா என்பது அப்புறம். வைத்திருக்கிற எழுத்து எழுத்தாக இல்லாதபோது எந்தத் தீம் போட்டு என்ன செய்ய? அன்று மாலையே திட்டத்தைத் திருப்பிப் போட்டோம். 60 நாளில் 40 நாள் எழுத்துக்கு, மீதி தளத்துக்கு.

## எடுத்த முடிவுகள்

ஜூம்லாவிலேயே தொடர்வதா என்று நிஜமாகவே யோசித்தோம். பல மொழிகளைக் கையாளும் வசதி அதில் உள்ளேயே இருக்கிறது, யாருக்கு எதைப் பார்க்க அனுமதி என்பதை வகுப்பதில் அது கெட்டிக்காரத்தனமானது. ஆனால் 1.5இலிருந்து நேராக 5க்குப் போக முடியாது, படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் எழுத்து இன்னொரு முறை உருக்குலைய வாய்ப்பு. இதே வகை மென்பொருளான ட்ரூபலும் நல்ல அமைப்புதான், ஆனால் ஒரே ஒரு ஆசிரியர் நடத்தும் இதழுக்கு அதன் எடை அதிகம். வேர்ட்பிரஸில் நிர்வாகப் பக்கம் தமிழில் வரும், போனிலிருந்தே கட்டுரை ஏற்றலாம். ஆசிரியர் கடைசியாகச் சொன்ன ஆசைக்கு அதுவே பொருந்தியது.

பக்கங்களை இழுத்து வைத்துக் கட்டும் பேஜ் பில்டர் எதையும் சேர்க்கவில்லை. அவற்றில் எழுதிய கட்டுரை அந்தச் செருகுநிரலின் குறிகளோடு பிணைந்துவிடும், அதை நீக்கினால் கட்டுரையே கந்தலாகும். இந்த இதழ் ஏற்கெனவே ஒரு எழுத்துருவிடம் அப்படிச் சிக்கியதுதானே? வேர்ட்பிரஸோடு வரும் இயல்பான தீமையே எடுத்து, நிறத்தையும் இடைவெளியையும் மட்டும் மாற்றினோம்.

எழுத்துரு விஷயத்தில் ஆசிரியரோடு கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. அவருக்கு அச்சில் வருவது போன்ற எழுத்துரு வேண்டும், பத்தி இரண்டு பக்கமும் நேராக நிற்க வேண்டும். கட்டுரை உடலுக்குத் தனி எழுத்துருவை இறக்கவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. ஆண்ட்ராய்டு போனில் நோட்டோ தமிழ் இருக்கிறது, பழைய விண்டோஸில் லதாவும் புதியதில் நிர்மலாவும் இருக்கின்றன, ஆப்பிளில் தமிழ் சங்கம் இருக்கிறது. வாசகர் கையில் இருப்பதே பக்கத்தைச் சட்டென்று திறக்கும். இரு பக்கமும் நேராக்குவது பற்றி வாதம் செய்யவில்லை. அவர் போனிலேயே ஒரு கட்டுரையை அப்படி வைத்துக் காட்டினோம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, போன் திரையின் ஒரு வரியில் மூன்று நான்கு சொல்தான் வரும். 'நிகழ்த்திக்காட்டியவர்களிடமிருந்து' என்ற சொல் ஒரு வரியை முழுதாக எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் வரியில் இரண்டே சொற்கள் ஆளுக்கொரு மூலையில் நின்றன. பார்த்தார். "சரி தம்பி, இடது பக்கமே இருக்கட்டும்" என்றார். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூடுதலாக இடம் விட்டோம். மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகரக் கொக்கியும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

கட்டுரை முகவரி எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் பெரிய முடிவு. வேர்ட்பிரஸில் தலைப்பையே முகவரியில் வைப்பது பரவலான வழக்கம். சோதனை ஓட்டத்தில் அப்படித்தான் வைத்தோம். ஒரு தொடரின் பன்னிரண்டு பகுதிகளுக்கும் ஒரே முகவரி வந்து, கடைசியில் 2, 3, 4 என்று எண் மட்டும் ஒட்டிக்கொண்டது. காரணம் தேடினால், டேட்டாபேஸில் இந்த முகவரித் துண்டுக்கு 200 இடம்தான் உண்டு. தமிழ்க் குறி ஒன்று விழுக்காட்டுக் குறிகளோடு சங்கேதமாக மாறும்போது ஒன்பது இடம் பிடிக்கும். ஆக 22 குறிகள்தான் கொள்ளும். 'தி' என்பதே தகரமும் இகரமும் சேர்ந்து இரண்டு குறி. பன்னிரண்டு, பதிமூன்று எழுத்தில் தலைப்பு வெட்டுப்பட்டுவிடும். வெட்டு சில இடங்களில் மெய்க்கும் புள்ளிக்கும் நடுவில் விழுந்திருந்தது. அதோடு, அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு மூன்று வரி நீளத்துக்கு விழுக்காட்டுக் குறிகளாக வருகிறது. யாரும் அதை நம்பித் தொட மாட்டார்கள்.

அதனால் முகவரியில் தலைப்பே வேண்டாம், ஒரு ரோமன் எழுத்தும் கட்டுரை எண்ணும் மட்டும் போதும் என்று வைத்தோம். எந்த எண்? ஜூம்லாவில் அந்தக் கட்டுரைக்கு இருந்த அதே எண். வேர்ட்பிரஸில் நிரல் வழியாகப் பதிவைச் சேர்க்கும்போது, இந்த எண்ணைக் கொடு என்று கேட்க வழி இருக்கிறது, அந்த எண் காலியாக இருந்தால் கொடுத்துவிடும். பழைய 412 புதியதிலும் 412. பழைய முகவரியில் வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் விதிகளை ஆயிரத்து நானூறு வரி எழுத வேண்டியதில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. வேர்ட்பிரஸில் பதிவு, பக்கம், படம், பதிவின் பழைய திருத்தம் எல்லாம் ஒரே எண் வரிசையைப் பகிர்கின்றன. ஒரு படத்தை ஏற்றிப் பார்த்தால்கூட ஒரு எண் போய்விடும். நிறுவியவுடன் தானாக வரும் மாதிரிப் பதிவையும் பக்கங்களையும் முழுதாக நீக்கிவிட்டு, வேறு எதையும் தொடாமல், கட்டுரைகளைத்தான் முதலில் ஏற்ற வேண்டும்.

## எழுத்தை மீட்டது

பாமினியை யூனிகோடாக்க நிரல்கள் நிறைய உண்டு. ஆனால் அவை வெறும் உரைக்கு எழுதப்பட்டவை. இங்கே உரையோடு எச்டிஎம்எல் குறிகள் கலந்திருந்தன. முதல் ஓட்டத்தில் பத்தியைக் குறிக்கும் பி என்ற குறி, பாமினியில் இகரக் கொக்கி என்பதால், பக்கம் முழுக்கக் கொக்கிகள் தனியாகத் தொங்கின. அரைப்புள்ளி பாமினியில் புள்ளி. எச்டிஎம்எல்லில் இடைவெளியைக் குறிக்கும் சங்கேதமும் அரைப்புள்ளியில்தான் முடியும். முதலில் சங்கேதங்களைப் பிரித்து, குறிகளை ஒதுக்கி வைத்து, உரையை மட்டும் மாற்றி, மறுபடி கோத்தோம். நடுவே வரும் ஆங்கிலச் சொற்களை எழுத்துருக் குறி எங்கே முடிகிறது என்பதை வைத்துக் காப்பாற்றினோம். அந்தக் குறியும் தொலைந்த இடங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்தினோம்.

மூன்றாம் அடுக்கில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து வந்தால் அது எப்போதும் தவறுதான், தமிழில் அப்படி ஒரு சேர்க்கை கிடையாது. யோசிக்காமல் 'ர்' என்று மாற்றலாம். 'ௌ' அப்படி அல்ல. பலர் 'கௌரவம்' என்பதை ஒற்றைக் கொம்பும் ளகரமும் வைத்துக் 'கெளரவம்' என்று அடித்திருந்தார்கள். அதற்காக எல்லா இடத்திலும் மாற்றினால் கெளுத்தி மீன் என்ன ஆகும்? 'தெளிவு' என்ன ஆகும்? சந்தேகத்துக்குரிய சொற்களைப் பட்டியலாக எடுத்து ஆசிரியரிடம் கொடுத்தோம். ஒரு மாலையில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டார்.

இரண்டாம் அடுக்குதான் எங்களை அதிகம் உழைக்க வைத்தது, அதிகம் மகிழ வைத்ததும் அதுதான். டேட்டாபேஸை லத்தீன்-1 என்று சொல்லி வெளியே எடுத்து, யுடிஎஃப்-8 என்று சொல்லி உள்ளே போட்டால் பெரும்பாலான கட்டுரைகள் அப்படியே தமிழாக எழுந்து வந்தன. அழிந்துவிட்டது என்று பதினைந்து வருடமாக நினைத்திருந்த கட்டுரை திரையில் தெரிந்தபோது ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முப்பத்தெட்டுக் கட்டுரைகள் மட்டும் முழுதாக எழவில்லை. சொற்களுக்கு நடுவே ஓட்டை. இடையில் யாரோ அவற்றைத் திறந்து, சரிசெய்யப் பார்த்து, மறுபடி சேமித்திருக்கிறார்கள். விண்டோஸின் மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் ஐந்து இடங்களுக்கு எழுத்தே கிடையாது. அந்த இடத்தில் விழும் பைட் அங்கே தொலைந்துபோகும். தமிழுக்கு வந்த கேடு, புள்ளியின் கடைசி பைட் அப்படி ஒரு வெற்றிடத்தில் விழுகிறது. உகரச் சுழியின் கடைசி பைட்டும் விழுகிறது. உயிரெழுத்தில் ஏகாரமும் ஐகாரமும் விழுகின்றன. முதல் இரண்டு பைட் மிஞ்சியிருப்பதால், தொலைந்தது புள்ளியா உகரமா என்ற அளவுக்குத் தெரியும். இரண்டில் எது என்று கணினிக்குத் தெரியாது.

'பாட்டு' என்ற சொல் 'பாட', ஓட்டை, 'ட', ஓட்டை என்று நின்றது. தமிழ் தெரிந்தவருக்கு இதில் சந்தேகமே இல்லை. முதல் ஓட்டை புள்ளி, இரண்டாவது உகரம். புணர்ச்சி விதியையும், எந்த மெய்க்குப் பின் எது வரும் என்ற மெய்ம்மயக்க விதியையும் வைத்துச் சில வழிகாட்டிகள் எழுதினோம். மெய் இரட்டிக்கும் இடம் என்றால் புள்ளி, சொல் இறுதியில் வல்லினம் நின்றால் பெரும்பாலும் உகரம், இறுதியில் ன, ம, ல வந்தால் பெரும்பாலும் புள்ளி. இது பெரும்பகுதியை நிரப்பியது. மீதி இடங்களை மஞ்சள் அடித்து ஆசிரியரிடம் கொடுத்தோம். ஒரு கட்டுரைக்குப் பத்து இருபது இடம் இருக்கும். முப்பது வருடம் மாணவர்களின் விடைத்தாளைத் திருத்திய கை அது. எங்களால் ஒரு வாரத்தில் முடியாததை மூன்று நாளில் முடித்தார்.

## தளம் திறந்த பிறகு

ஐம்பத்தாறாம் நாள் இரவு மாற்றினோம். திருப்பிவிடும் விதி ஒன்று எழுதினோம், பழைய முகவரியில் தலைப்புக்கு முன்னால் இருக்கும் எண்ணைப் பிடித்துப் புதிய முகவரிக்கு நிரந்தரமாக அனுப்பும் விதி. இருபது பழைய முகவரிகளைச் சோதித்தோம், எல்லாம் சரியாகப் போயின. பக்கம் இல்லை என்று சர்வர் சொல்லும் 404 பிழைப் பதிவைத் தினமும் பார்த்தோம், இரண்டு வாரமும் கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. வேலை சுத்தமாக முடிந்தது என்று நம்பினோம்.

பதினாறாம் நாள் முனைவர் பட்ட மாணவி ஒருவர் ஆசிரியருக்குப் போன் செய்தார். ஆய்வேட்டில் இந்த இதழின் ஒன்பது கட்டுரைகளை மேற்கோள் காட்டியிருக்கிறார். "ஐயா, எந்த லிங்க்கைத் தொட்டாலும் முகப்புப் பக்கம்தான் வருது. கட்டுரையை எடுத்துட்டீங்களா? வழிகாட்டி கேக்கிறாங்க" என்றார். ஆய்வேடு சமர்ப்பிக்கப் பத்து நாள் இருந்தது.

அவர் அனுப்பிய முகவரிகளைப் பார்த்ததும் புரிந்தது. ஜூம்லாவில் சுருக்கமான முகவரிகளை யாரோ பிற்பாடுதான் இயக்கியிருக்கிறார்கள். அதற்கு முன் எல்லா முகவரியும் இண்டெக்ஸ் பிஎச்பி, கேள்விக்குறி, அப்புறம் ஒரு நீளமான வால் என்ற வடிவில் இருந்தன. கட்டுரை எண் அந்த வாலில் இருக்கிறது. வலைப்பூக்களிலும் ஆய்வேடுகளிலும் வருடக்கணக்காகப் பரவியிருந்தவை அந்தப் பழைய வடிவங்களே. நாங்கள் சோதித்த இருபதும் தளத்தின் மெனுவிலிருந்து எடுத்தவை, எல்லாம் புது வடிவம்.

இதில் எங்களை ஏமாற்றியது 404 பதிவின் அமைதி. வேர்ட்பிரஸுக்கும் இண்டெக்ஸ் பிஎச்பி என்ற கோப்பு உண்டு. பழைய முகவரி வந்தால் அது பிழை சொல்லாது. வாலில் இருக்கும் சொற்கள் அதற்குத் தெரியாதவை என்பதால் அவற்றை விட்டுவிட்டு முகப்பைக் காட்டும். சர்வரைப் பொறுத்தவரை எல்லாம் நலம். வந்தவரைப் பொறுத்தவரை கட்டுரை காணாமல் போய்விட்டது. பதினாறு நாளில் எத்தனை பேர் அப்படி வந்து திரும்பினார்கள் என்று சர்வரின் முழு வருகைப் பதிவை எடுத்து எண்ணினோம். தினமும் பலர். அந்தப் பதிவு முதல் நாளிலிருந்தே எங்கள் கையில் இருந்தது. பார்க்காமல் விட்டது எங்கள் தவறு.

## திருத்தம்

அப்பாச்சி சர்வரில் திருப்பிவிடும் விதி, முகவரியின் பாதையை மட்டும்தான் பார்க்கும். கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க அதற்கு முன்னால் ஒரு தனி நிபந்தனை வரி வேண்டும். அதை எழுதி, வேர்ட்பிரஸ் தானாகச் சேர்க்கும் விதிகளுக்கு மேலே வைத்தோம். கீழே வைத்தால் முறை வரவே வராது. புது முகவரியின் முடிவில் பழைய வாலை வெட்டவும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது கூடவே தொற்றிக்கொண்டு வரும்.

அவசரத்தில் எழுதிய முதல் விதியிலும் ஒரு பிழை இருந்தது. எண் எங்கே இருந்தாலும் பிடித்தோம். ஆனால் ஜூம்லாவில் பகுதிகளுக்கும் இதே போல எண் உண்டு. 'நாட்டார் பாடல்கள்' என்ற பகுதியின் முகவரி 12ஆம் எண் கட்டுரைக்குப் போய் நின்றது, அது ஒரு இரங்கல் குறிப்பு. ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்து, வாலில் கட்டுரை என்ற குறிப்பு இருந்தால் மட்டும் திருப்பும்படி மாற்றினோம். பகுதிகள் இருபத்திரண்டுதான், அவற்றுக்குக் கையால் விதி எழுதினோம். நிரந்தரத் திருப்பலைப் பிரௌசர் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், சோதிக்கிற நாட்களில் தற்காலிகத் திருப்பலாக வைத்து, எல்லாம் சரியான பின் நிரந்தரமாக்கினோம்.

இந்த முறை சோதனைக்கு மெனுவை நம்பவில்லை. ஒரு வருட வருகைப் பதிவிலிருந்து, வெளியிலிருந்து வந்த எல்லாப் பழைய முகவரிகளையும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் கட்டுரையில் போய் நிற்கிறது என்று நிரல் வைத்துச் சரிபார்த்தோம். மாணவியின் ஒன்பது முகவரிகளையும் அவரோடு போனில் இருந்தபடியே ஒவ்வொன்றாகத் திறந்தோம்.

## விளைவு

ஆய்வேடு நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த எழுத்தாளரின் பெயரைத் தேடினால் இப்போது இருபத்தாறும் வருகின்றன. மீட்ட கட்டுரைகள் தேடுபொறியில் ஏற ஏழெட்டு வாரம் பிடித்தது. அதன்பின் இதுவரை வராத ஊர்களிலிருந்து ஆசிரியருக்குக் கடிதம் வரத் தொடங்கியது. மலேசியாவிலிருந்து ஒருவர், தன் பாட்டியின் ஊர்க் குலசாமிக் கதையைப் படித்ததாக எழுதியிருந்தார்.

ஆசிரியர் தானே கட்டுரை ஏற்றுகிறார். போனில் எடுத்த பெரிய படங்களையும் அப்படியே போடுகிறார். வேர்ட்பிரஸ் 5.3இலிருந்து மிகப் பெரிய படங்களை 2560 பிக்சலுக்குத் தானே சுருக்கிவிடுவதால் பக்கம் பாரமாவதில்லை. பழைய கடவுச்சொல்லைப் பகிர்ந்திருந்த மற்ற நால்வருக்கும் தனித்தனிக் கணக்கு. கட்டுரை அனுப்பலாம், வெளியிட ஆசிரியர்தான் அனுமதிக்க வேண்டும். வாரம் ஒரு பேக்கப் தளத்துக்கு வெளியே போகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதை எங்கள் கணினியில் விரித்துத் தளம் எழுகிறதா என்று பார்க்கிறோம்.

தேடலில் ஒரு குறை அப்படியே இருக்கிறது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' வராது. வேர்ட்பிரஸின் தேடல் எழுத்துத் தொடரை அப்படியே ஒப்பிடுகிறது, வேற்றுமை உருபு ஏற்றால் சொல் மாறும் என்பது அதற்குத் தெரியாது. 'மர' என்று தேடிப் பாருங்கள் என ஒரு குறிப்பை மட்டும் தேடல் பெட்டிக்குக் கீழே வைத்திருக்கிறோம். இது போதாது.

## அடுத்த முறை

வேலையின் முதல் நாளே சர்வரின் வருகைப் பதிவைக் கேட்டு வாங்குவோம். உலகம் எந்த முகவரிகளை வைத்திருக்கிறது என்பது தளத்தின் மெனுவில் தெரியாது, அந்தப் பதிவில்தான் தெரியும். ஜூம்லாவிலிருந்து மட்டுமல்ல, இண்டெக்ஸ் பிஎச்பியும் கேள்விக்குறியும் கொண்ட முகவரி உள்ள எந்தத் தளத்திலிருந்து வேர்ட்பிரஸுக்கு வந்தாலும் இதே மௌனமான இழப்பு நேரலாம் என்று எச்சரிக்கிறோம். 404 இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய முகவரியில் வந்து முகப்பில் நிற்கிறவர்களைத் தனியாக எண்ண வேண்டும்.

மாற்றும் நாளை ஆய்வு மாணவர்கள் ஆய்வேடு தருகிற காலம் முடியும்வரை தள்ளி வைத்திருக்கலாம். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கெடுவை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை, கேட்டிருக்க வேண்டும். ஆசிரியரை இன்னும் முன்னதாக எழுத்து வேலைக்கு இழுத்திருக்க வேண்டும். அவருக்குக் கணினி தெரியாது என்று நாங்களே முடிவுகட்டி, பத்து நாள் நிரலோடு மல்லுக்கட்டினோம். தேவைப்பட்டது தமிழ் தெரிந்தவர், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

## மீதி

முப்பத்தெட்டில் ஒன்று, மறைந்த தோல்பாவைக் கூத்துக் கலைஞர் ஒருவரின் நேர்காணல். அதில் அவர் பாடிக் காட்டிய பாடல் ஒன்று இருக்கிறது. பேச்சு வழக்கும் பழைய சொல்லும் கலந்த பாடல். புள்ளியும் பொருந்துகிறது, உகரமும் பொருந்துகிறது என்ற நிலையில் பதினேழு இடங்கள். "அவர் வாயில் வராததை நாம் எழுதக் கூடாது" என்று ஆசிரியர் அங்கே கை வைக்க மறுத்துவிட்டார். கலைஞரின் மகனைத் தேடிப் பிடித்தோம். அவர் இப்போது கூத்து ஆடுவதில்லை, போனில் பாடினார். பாடலைக் கேட்டுக் கேட்டுப் பதினைந்து இடங்களை நிரப்பினோம். மீதி இரண்டு இடங்கள் உள்ள வரிகள் அவருக்கும் நினைவில் இல்லை. தளத்தில் அந்த இரண்டு இடங்கள் மட்டும் அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறியோடு நிற்கின்றன. அச்சு இதழ் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள் என்று கீழே ஒரு வரி.